பவுனுத்தாயின் ஐம்பத்தைந்து நிமிடம்

போன வாரம் நம்முடைய வாட்ஸ்அப் குரூப்பில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "நோயாளியோட போனப் பாத்தாலே எங்கெங்க போனாங்க, எத்தனை மணிக்குப் போனாங்கன்னு எல்லாம் இருக்கே. அப்புறம் எதுக்கு சிஸ்டர், ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து வாய் வலிக்கக் கேக்கணும்?" அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள்.

நல்ல கேள்விதான். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அப்படியே செய்தும் விட்டேன். குரூப்பில் இரண்டு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால்தான் இது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுக்கியின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலக்காடுகளில் முப்பது வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதார நர்சாக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்று இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இப்போது சொல்லப் போகிறவளுக்குப் பவுனுத்தாய் என்று பேர் வைத்திருக்கிறேன். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேர மாத்திருங்க சிஸ்டர், பாறையையும் மாத்திருங்க" என்றாள். இரண்டையும் மாற்றிவிட்டேன்.

தொற்று வந்த முதல் வருடம். எல்லை அடைத்திருந்தது. ஏலக்காட்டு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்போதெல்லாம் யாருக்காவது பாசிட்டிவ் என்று வந்தால், அதற்கு முந்தைய பதினான்கு நாளில் அவர் போன இடங்களை நேரத்தோடு எழுதி வெளியிடுவோம். ரூட் மேப் என்று பேர். அதே கடைக்கு, அதே பஸ்ஸுக்கு, அதே நேரத்தில் போனவர்கள் தாங்களாகவே எங்களைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக. நல்ல நோக்கம்தான், பல உயிரைக் காப்பாற்றியது. நோயாளியின் பேரைப் போடமாட்டோம். வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, எந்த வார்டு, அவ்வளவுதான். பேர் போடவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு நிம்மதி. ஆனால் முப்பது வீடு வரிசையாக நிற்கிற ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில், நாற்பத்து நாலு வயசுப் பெண், ஏலக்காட்டுத் தொழிலாளி என்று போட்டுவிட்டு, பேரை மறைத்து என்ன புண்ணியம்?

பவுனுத்தாய்க்குப் பாசிட்டிவ் என்று காலையில் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரித் தனி வார்டுக்குக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் இருந்த ஐந்து பேரையும் கதவைத் தாண்டக்கூடாது என்று சொல்லி உட்கார வைத்தோம். புருஷன் ராசு, ஜீப் ஓட்டுகிறவர். படுக்கையில் கிடக்கிற மாமியார். இரண்டு பிள்ளைகள். திருப்பூரில் வேலை போய், எல்லை அடைக்கும் முன்பே வந்து சேர்ந்த கொழுந்தன். ஒரு அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட லயத்து வீடு.

அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. எல்லை தாண்டிப் போகவில்லை. ஊரில் வேறு யாருக்கும் நோய் இல்லை. அப்படியென்றால் நோயோடு யாரோ ஒருத்தர், தனக்கு இருப்பதே தெரியாமல் அந்தக் காடுகளுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறார். லயத்துக்கு லயம் வயசானவர்கள், இளைப்புக்காரர்கள். எங்கள் மேலதிகாரி மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத மனிதர். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரூட் மேப் வேணும் சிஸ்டர், ஒரு ஓட்டைகூட இருக்கக்கூடாது" என்றார்.

வார்டில் இருந்த ஒரு சின்ன வயசு நர்ஸ், பவுனுத்தாயின் சம்மதத்தோடு, அவள் போனில் மேப்பைத் திறந்து பதினான்கு நாளையும் படம் பிடித்து அனுப்பினாள். வெளியூரில் இருக்கிற மூத்த பையன் வாங்கிக் கொடுத்த போன் அது. அதில் இப்படி ஒன்று பதிவாகிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

நான் அதை விரித்துப் பார்த்தேன். ஒரு மனுஷியின் பதினான்கு நாள், நீலக் கோடாக என் மேஜைமேல் கிடந்தது. வீடு, காடு, ரேஷன் கடை, வீடு. தண்ணீர்க் குழாய்க்குப் போகிறபோது நேர்வழி இருந்தும் தினமும் ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிருந்தாள். அது நாத்தனார் வீடு, இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் பூட்டிக் கிடந்த நாளிலும் வாசலில் நாலு நிமிடம் நின்றிருக்கிறாள். நோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பார்த்தேன். கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரியாததெல்லாம் அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் அது தப்பாகப் படவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

அப்போதுதான் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது. அவள் வேலை பார்க்கிற எட்டாம் நம்பர் காட்டுக்கு மேலே, வீடோ பாதையோ எதுவுமில்லாத ஓரிடம். பதினான்கு நாளில் ஐந்து தடவை அங்கே போயிருக்கிறாள். ஏறக்குறைய எல்லாமே மூன்று இருபதிலிருந்து நாலேகால் வரை. வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடும். வீட்டில் விசாரித்தபோது, விறகு பொறுக்கிக்கொண்டு நாலரைக்கு வருவாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

போன் போட்டேன். அதுவரை கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னவள், இந்தக் கேள்வியில் நின்றுவிட்டாள்.

"அது... சும்மா சிஸ்டர்."

"சும்மான்னா?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"யாரு கூட?"

"யாருமில்ல."

"பவுனு, நான் உன்னைக் குத்தம் சொல்லக் கேக்கல. அங்க யாராச்சும் வந்திருந்தா அவங்களுக்கும் நோய் இருக்கும். அவங்க வீட்டுல வயசானவங்க இருக்கலாம். மறைக்காத."

"சத்தியமா யாருமில்ல சிஸ்டர்."

"அஞ்சு நாளு, ஒரே நேரம், ஒரே இடம். ஆளில்லாத காட்டுல தனியா உக்காந்திருந்தேன்னு சொன்னா யாரு நம்புவா?"

அவள் அழ ஆரம்பித்தாள். பிறகு மெதுவாக, "வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நான் முடிவு கட்டிவிட்டேன். நம்மிடம் வருகிறவர்கள் அழுதுகொண்டே மறைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மறைக்கிறாள் என்றால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மணி நாலே முக்கால்.  எழுதினால் அந்த ஆள் பயந்தாவது முன்னால் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்: 'பிற்பகல் 3.20 – 4.15, எட்டாம் நம்பர் காட்டுக்கு மேலுள்ள பாறை.' ஐந்து தேதிகளையும் போட்டேன்.

ஆறு மணிக்குள் அது எல்லோருடைய போனிலும் இருந்தது. ஏழு மணிக்கு, அந்த வரியைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்ட படம் எனக்கே திரும்பி வந்தது. அடியில் சிரிக்கிற மூஞ்சிகள்.

முதலில் ஓடி வந்தவர் எட்டாம் நம்பர் காட்டின் சூப்பர்வைசர். மாஸ்க் கழுத்தில் தொங்க, வாசலிலேயே நின்றார். "சிஸ்டர், அந்தப் பாறை எங்க இருக்குன்னுகூட நான் பாத்ததில்ல. என் பொண்டாட்டி சோத்துப் பானையத் தூக்கி முற்றத்துல போட்டுட்டா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." அந்தக் காட்டுக்குப் பொறுப்பு அவர் என்பதைத் தவிர அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஊருக்கு ஒரு ஆம்பளை தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ராசு கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். குரலே எழும்பவில்லை.

"சிஸ்டர், அங்க யாரு?"

"தெரியல ராசு."

"உங்களுக்குத் தெரியாமயா எழுதினீங்க?"



மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாறைக்குப் போனதாகச் சொல்லி யாரும் வரவில்லை. மூன்றாவது நாள் வார்டிலிருந்து அந்தச் சின்ன நர்ஸ் கூப்பிட்டாள். என் வயதில் பாதிகூட இருக்காது.

"சிஸ்டர், பவுனக்கா ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது. வீட்டுக்காரரு போனே எடுக்கலையாம். போனக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கு."  பிறகு, "நான் ஒண்ணு கேக்கலாமா? அவங்க யாருமில்லன்னு சொன்னாங்கல்ல. அது உண்மையா இருக்கலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றாள்.

தோணவே இல்லை. அதுதான் என் தப்பு. போன் சொன்னதை உடனே நம்பினேன், அவள் சொன்னதை நம்பவில்லை. போன் பொய் சொல்லவில்லைதான். அவள் அங்கே இருந்தாள் என்று மட்டும்தான் அது சொன்னது. மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

அன்று மூன்று மணிக்கு நான் எட்டாம் நம்பர் காட்டுக்குள் ஏறினேன். ஏலச்செடி தலைக்குமேல் நின்றது. காடு முடிகிற இடத்தில் கொஞ்சம் புல்வெளி, அதைத் தாண்டினால் பாறை. அதன் விளிம்பில் ஒரு ஆள் மட்டும் சாய்ந்து உட்காரக்கூடிய ஒரு பள்ளம். ஒரு பழைய உரச்சாக்கை நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தாள். கீழே, வெகு கீழே, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடந்தது. திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, வெயிலில் மின்னுகிற கண்மாய். சத்தம் எதுவும் மேலே வரவில்லை.

சாக்கை விரித்து உட்கார்ந்தேன். இடத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த மாதங்களில் என் போன் அடங்கியதே இல்லை. அங்கே அது அடங்கிக் கிடந்தது. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எனக்குத் திடீரென்று அழுகை வந்தது. துக்கம் என்று ஒன்றும் இல்லை. மிஷின் நின்றுபோன பிறகுதான் அது இவ்வளவு நாள் ஓடிக்கொண்டிருந்தது தெரிகிற மாதிரி ஒரு அழுகை. எழுந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது.

இறங்கியதும் பவுனுத்தாய்க்குப் போன் போட்டேன்.

"பவுனு, பாறைக்குப் போயிட்டு வாரேன்."

 "காத்து இருந்துச்சா சிஸ்டர்?" என்றாள்.

"இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பேசினாள். "வீட்டுல ஆறு பேரு சிஸ்டர். குளிக்கப் போனாக்கூட கதவுக்கு அங்கிட்டு நின்னு, உப்பு எங்க, சீப்பு எங்கன்னு யாராச்சும் கேப்பாக. காட்டுல இருபது பேரு, வாய் மூடாது. அத்தைய ராத்திரியெல்லாம் திருப்பிப் படுக்க வைக்கணும். யாரையும் குத்தம் சொல்லல. எல்லாரும் நல்லவகதான். ஆனா ஒரு நா விறகு பொறுக்கப் போயி வழி தப்பி அங்க ஏறிட்டேன். சும்மா உக்காந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து யாரு மேலயும் எரிஞ்சு விழல. அதுக்கப்புறம் போயிட்டே இருக்கேன்."

"இத ராசுகிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுறது சிஸ்டர்? வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரப் பிடிக்கலன்னுதான அவருக்குத் தோணும்? மனசு விட்டுப் போவாருல்ல."

வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் சொன்னதன் அர்த்தம் அதுதான். ராசு மனசு நோகக்கூடாது என்று காப்பாற்றி வைத்திருந்ததை, நான் ராசு முன்னாலேயே போட்டு உடைத்திருந்தேன்.

அடுத்த நாள் நோய் வந்த வழி தெரிந்தது. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கு மூட்டை ஏற்ற வந்த ஒரு லாரி டிரைவருக்கு, அவர் ஊரில் பாசிட்டிவ். சாக்குப் பிடித்துக் கொடுத்த இரண்டு பெண்களில் பவுனுத்தாயும் ஒருத்தி. பாறைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு வேறு ரூட் மேப் போடச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டேன். போட்டார். ஆனால் புதியதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

ராசு வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ஆறடி தள்ளி நின்று கூப்பிட்டேன். நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"ராசு, தப்பு என்னோடது. பவுனு யாருமில்லன்னுதான் சொன்னா. நான்தான் நம்பல. நேத்து அங்க போயிப் பாத்தேன். அவ தனியா உக்காந்திருக்கப் போன இடம் அது."

"தனியா உக்காந்து என்ன செய்வா?"

"ஒண்ணும் செய்ய மாட்டா."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு எதுக்கு சிஸ்டர் அம்புட்டுத் தூரம் ஏறிப் போகணும்? வீட்டுலயே உக்காரலாம்ல?"

அந்த நேரம் உள்ளே பிள்ளைகள் இரண்டும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டன. ராசுவின் தம்பி டிவி சத்தத்தை இன்னும் கூட்டினார். படுக்கையிலிருந்து அவர் அம்மா, தண்ணி, தண்ணி என்று கூப்பிட்டார். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசம் ஜன்னல் வழியாக எனக்கே வந்தது. ராசு உள்ளே திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜீப்போடு காலையில் போனால் இருட்டித் திரும்புகிற மனிதர். இந்த நாலு நாள்தான் முதல் தடவையாக அந்த அறைக்குள் முழுசாக இருந்தவர்.

"நாலு நாளா நானும் உள்ளதான கெடக்கேன்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று ராசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறார். சின்ன நர்ஸ் பிறகு சொன்னாள். "ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு தெரியாது சிஸ்டர். நான் வெளிய வந்துட்டேன். ஆனா ராத்திரி பவுனக்கா கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் உங்களை ஏமாற்றியதாகும். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா நான் சொன்னதை நம்பினார். ஆனால் என்னை மன்னிக்கவில்லை. "ஒரு வரிதான சிஸ்டர் உங்களுக்கு" என்றார். நான் ஓய்வு பெறுகிற வரை அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கவில்லை. அது நியாயம்தான்.

பவுனுத்தாய் குணமாகி வந்தாள். பிரஷர் பார்க்க வந்தபோது, பாறைக்குப் போகிறாயா என்று கேட்டேன். சிரித்தாள். "அது இப்ப ஊர்ப் பாறை ஆகிப்போச்சு சிஸ்டர். பயலுக செல்பி எடுக்க வாரானுக. பாட்டில் எல்லாம் கெடக்கு." கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன கம்மலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். அவளுக்கென்று இருந்த ஒரே இடத்தை நான் மேப்பில் போட்டேன். போட்ட பிறகு அது அவளுடையதாக இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க என் கையில் எந்த வழியும் இல்லை.

அதற்கப்புறம் நான் எழுதிய ஒவ்வொரு ரூட் மேப்பிலும் ஒரு வரி எழுதுமுன் என்னையே கேட்டுக்கொண்டேன்: இதைப் படித்து யார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறார்? பஸ்ஸில் கூட வந்தவர், கடையில் பக்கத்தில் நின்றவர் என்று பதில் வந்தால் எழுதினேன். யாருமில்லை என்று வந்தால் விட்டுவிட்டேன். மேலதிகாரி ஓட்டை என்றார். இருக்கட்டும் சார் என்றேன். ஓட்டை இருந்த மேப்பால் யாரும் சாகவில்லை.

தங்கச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். போனைப் பார். தேவையிருந்தால், அவர்கள் சம்மதித்தால், தேவையான அளவு பார். ஆனால் வாய் வலிக்கக் கேட்கிறோமே, அது தகவலுக்காக மட்டும் இல்லை. எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்கள் யோசிக்க அதில் ஒரு இடம் இருக்கிறது. நம் முகத்தைப் பார்த்து, இவளிடம் சொல்லலாமா என்று அவர்கள் எடை போடுகிறார்கள். அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு நாம் காப்பாற்றுகிற உயிர் கொஞ்சம் குறைந்த உயிராகத்தான் அவர்கள் கைக்குத் திரும்பிப் போகும். கேட்ட பிறகு, சொன்னதை நம்பிப் பார். நம்பி ஏமாந்த தடவைகளும் எனக்கு உண்டு. அதில் எதுவும் இந்த அளவுக்கு என்னை உறுத்தவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், வீடு வீடாகக் கணக்கெடுக்க அந்த லயத்துக்குப் போனேன். மணி மூன்றரை இருக்கும். ராசு சட்டையில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பவுனுத்தாயின் போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

"பவுனு இல்லையா?"

"வெளிய போயிருக்கா சிஸ்டர்."

"எங்க?" வாய் பழக்கம், கேட்டுவிட்டேன்.

ராசு வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேக்குறதில்ல" என்றார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துருவா. உக்காருங்க சிஸ்டர், டீ போடுறேன்" என்றார்.

டீ குடித்தேன். அவள் வருகிற வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வருகிறபோது எந்தப் பக்கமிருந்து வருகிறாள் என்று என் கண் தேடும் என்று எனக்குத் தெரியும். அதனால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.